பதினொன்றின் நுனியில் பச்சைப் புள்ளி

ஏப்ரல் 29, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டி எழுத மாட்டேன். எனக்குச் சங்கடமான இடங்களை விட்டுவிட்டும் எழுத மாட்டேன். பள்ளிக் கட்டுரைப் போட்டியில், பார்க்காத அருவியைப் பார்த்ததாக எழுதிப் பரிசு வாங்கியவள் நான். இது அப்படி இருக்காது.

என் பெயர் நறுமுகை. ஊர் காங்கேயம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு இன்று கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறேன். விடுமுறைக்கு என்று எல்லோரிடமும் சொன்னோம். உண்மையில் அம்மாவுக்காக. அம்மாவுக்கு மூன்றாம் மாதம் முடியப் போகிறது. எனக்குப் பிறகு மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. எந்த டாக்டரும் காரணம் சொல்லவில்லை. இந்தக் குழந்தை தங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது ஒன்றுதான் நினைப்பு.

அம்மாவைப் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் அக்கா துளசி அத்தை மூலனூரிலிருந்து வந்து சமைக்கிறார்.

"நீ இங்க இருந்தீன்னா உன்ற அம்மா எந்திரிச்சு உனக்குத் தோசை சுட வந்துருவா. போயி உன்ற சித்தி ஊட்டுல இரு கண்ணு" என்றார் அத்தை. பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே, "இதாச்சும் நிக்குதான்னு பாக்கலாம். சில வயித்துக்கு அந்த ராசி இல்ல" என்றார்.

அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டியதும் தெருவில் இறங்கிவிட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அதே அத்தை அம்மாவின் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். இரண்டையும் எழுதுவதுதான் நியாயம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

சித்தி வேலை செய்யும் ஆய்வகத்தைப் பார்த்தேன்! ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் இருக்கிறது. சித்தியின் பெயர் மேகலா, அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. சித்தப்பாவுக்கு ஓசூரில் வேலை.

சித்தியின் வேலையை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். மனித டி.என்.ஏவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து ப்ரீஸரில் சேமித்திருக்கிறார்கள். இந்தத் துண்டு ஐந்தாம் குரோமோசோமின் நடுப்பகுதி, அந்தத் துண்டு பதினேழின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்திருக்கிறது. அது உண்மைதானா என்று சோதிப்பதுதான் வேலை. துண்டுக்கு ஒளிரும் பச்சைச் சாயம் ஏற்றி, யாராவது ஒருவருடைய குரோமோசோம்கள் பரப்பிய கண்ணாடி ஸ்லைடின் மேல் விட்டு, ஓர் இரவு வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். துண்டு தனக்குரிய இடத்தைத் தானே தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டிய இடம் பச்சையாகத் தெரியும்.

அந்தத் துண்டுக்குக் கண் இல்லை. யாரும் வழி சொல்வதுமில்லை. நாற்பத்தாறு குரோமோசோம்களின் மேலும் தட்டித் தடவி, எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் ஒரே ஓர் இடத்தில் போய் நிற்கிறது. இதைக் கேட்டதிலிருந்து வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. மதியம் சாம்பாருக்குப் பதிலாக ரசத்தை ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்தபிறகுதான் தெரிந்தது.

"நார்மல் ஸ்லைடு தீந்து போச்சு மேடம். இங்க எல்லார் ரத்தத்தையும் எடுத்தாச்சு. வாட்ச்மேன் என்னைப் பார்த்தா கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடறாரு" என்றார் சித்தி.

நான் கையை நீட்டினேன். ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் ரெஜினா மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"நூறு மீட்டர்ல ரெண்டாவது இடம் மேடம்."

"போதும். ஆனா அப்பா சம்மதம் வேணும்."

அப்பா கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். ஊசி வலித்தது. வலிக்கவில்லை என்று சித்தியிடம் சொன்னேன்.

மே 1, புதன்

லீவு. சித்தியின் மிக்ஸியைக் கழுவினேன். அடியில் எறும்பு.

மே 3, வெள்ளி

என் ரத்தம் மூன்று நாளாக ஒரு பெட்டிக்குள் உடல் சூட்டிலேயே வளர்ந்தது. இன்று அதிலிருந்து ஸ்லைடு போட்டோம். செல்களை முதலில் தண்ணீரில் உப்ப வைக்கிறார்கள். பிறகு ஒரு துளியை உயரத்திலிருந்து குளிர்ந்த கண்ணாடியின் மேல் விடுகிறார்கள். செல் உடைந்து குரோமோசோம்கள் விரிந்து படியும்.

"முதல்ல ஸ்லைடு மேல ஊது. முகம் பார்க்கற கண்ணாடியைத் துடைக்கறப்ப ஊதுவியே, அப்படி" என்றார் சித்தி.

"வெளையாடறீங்களா சித்தி?"

"நிஜமாத்தான்டி. மூச்சோட ஈரம் பட்டாத்தான் நல்லா விரியும். மழைக்காலத்துல ஊதவே வேண்டாம். மேடம் ஸ்டூல் மேல ஏறி நின்னு துளி விடுவாங்க. எங்க படிச்சிருந்தாலும் கடைசியில ஊதித்தான் ஆகணும்."

"கேட்குது மேகலா" என்று பக்கத்து அறையிலிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

பிறகு பார்த்தேன். பாடப்புத்தகத்தில் குரோமோசோம்கள் வரிசையாக நிற்கும். இங்கே கொட்டிப்போன சேமியா மாதிரிக் கிடந்தன, நெட்டையும் குட்டையுமாக. எண்ணினேன். நாற்பத்தாறு. என்னுடையவை. நான் கருவாக ஒரே ஒரு செல்லாக இருந்தபோதே இவை இருந்தன. பாதி அப்பா தந்தது, பாதி அம்மா தந்தது. எது யார் தந்தது என்று இப்படிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார் சித்தி.

மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. "ஊதச் சொன்னேனே தவிர மூச்சை நிறுத்தச் சொல்லலையே" என்று சித்தி முதுகில் தட்டினார்.

மே 5, ஞாயிறு

அம்மாவிடம் போனில் பேசினேன். வாந்தி குறைந்திருக்கிறதாம். குறைந்தால் அம்மாவுக்குப் பயமாம். போன தடவையும் இப்படித்தான் குறைந்தது என்றார். நான் குரோமோசோமைப் பற்றியே பேசினேன்.

மே 7, செவ்வாய்

நேற்று சாயம் ஏற்றிய ஸ்லைடுகளை இன்று பார்த்தோம். இருட்டறையில் குரோமோசோம்கள் நீலமாக மிதந்தன. நீலம் என்றால் எங்கள் ஊர் வானத்து நீலம் இல்லை, கேஸ் அடுப்புத் தீயின் நீலம். அதில் பச்சைப் புள்ளிகள்.

நான்கு துண்டுகள் சரியான இடத்தில் இருந்தன. ஐந்தாவது, பதினொன்றாம் குரோமோசோமின் நுனிக்குரிய துண்டு. பதினொன்றை அடையாளம் காண அதன் இடுப்பில் மட்டும் சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள். அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்று பதினொன்றாம் குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு. இரண்டிலும் இடுப்பில் சிவப்பு, நுனியில் பச்சை இருக்க வேண்டும்.

ஒன்றில் அப்படியே இருந்தது. இன்னொன்றில் சிவப்பு மட்டும் இருந்தது. பச்சையைத் தேடினேன். சற்றுத் தள்ளி, எல்லாவற்றிலும் குட்டியான குரோமோசோம்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

"சித்தி, ஒரு பச்சை தப்பான வீட்டுக்குப் போயிருச்சு" என்றேன்.

சித்தி சிரித்துக்கொண்டே குனிந்தார். வேறு ஒரு செல்லைப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு சிரிக்கவில்லை.

மே 8, புதன்

மேடம் சத்தம் போட்டார். "தட்டைத் திருப்பி வச்சிருக்கே. போன வருஷமும் இதே கதைதானே?"

ப்ரீஸரில் அந்தப் பாக்டீரியாக்கள் பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகளில் இருக்கின்றன. தட்டின் ஒரு மூலை மட்டும் சற்றே வெட்டியிருக்கும். அந்த மூலை எப்போதும் இடது மேல் பக்கம் இருக்க வேண்டும். குளிரில் கை விறைத்து, அவசரத்தில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் முதல் குழி கடைசிக் குழியாகிவிடும். வேறு ஏதோ ஒரு துண்டை எடுத்து இதுதான் பதினொன்று என்று எழுதிவிடுவார்கள். போன வருடம் சித்தி அப்படிச் செய்து இரண்டு மாத வேலை வீணாகியிருக்கிறது.

வழக்கமாகத் திட்டு வாங்கினால் சித்திக்கு மூக்கு சிவக்கும். இன்று "ஆமா மேடம், திருப்பித்தான் வச்சிருப்பேன். மறுபடியும் எடுக்கறேன்" என்று உடனே ஒத்துக்கொண்டார். திட்டு வாங்கியதில் சந்தோஷப்பட்டது மாதிரிகூட இருந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "தட்டு திரும்பியிருந்தா ரெண்டு பச்சையும்தானே குட்டியில இருக்கணும்? ரெண்டு துண்டு கலந்திருந்தா நாலு பச்சை இருக்கணும். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க எப்படி சித்தி?"

சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்பு என்னுதாவே இருந்துட்டுப் போகட்டும்டி. கொஞ்சம் சும்மா வா."

மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். 471. அறிவியலில் 99. எந்த ஒரு மார்க் போனது என்று தெரியவில்லை.

புதிதாக எடுத்த துண்டை மேடத்தின் ரத்த ஸ்லைடிலும் என் ஸ்லைடிலும் போட்டிருந்தார்கள். மேடத்துடையதில் இரண்டு பச்சையும் இரண்டு பதினொன்றின் நுனியில் இருந்தன. என்னுடையதில் முன்பு போலவே ஒன்று அங்கே, ஒன்று குட்டியில்.

துண்டு சரியான துண்டுதான்.

ரிசல்ட்டுக்காகச் சித்தி ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை. "உங்க அம்மாவுக்கு மொத்தம் மூணுதானே போச்சு? எல்லாமே மூணு மாசத்துக்குள்ளயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டார். பசியா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மே 11, சனி

மேடம் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பதினொண்ணோட நுனியும் இருபத்திரண்டோட நுனியும் உனக்கு இடம் மாறியிருக்கு. ரெண்டும் ஒடைஞ்சு மாத்தி ஒட்டிக்கிட்டிருக்கு. எதுவும் கூடலை, எதுவும் குறையலை. அதனால உனக்கு ஒரு நோயும் இல்லை. ஓடறே, படிக்கறே, வாயும் நல்லாப் பேசறே."

"எப்ப மாறிச்சு மேடம்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. அனேகமா அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வந்திருக்கும். அவங்க உனக்கு மாறின ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துட்டாங்க. அதனால கணக்கு சரியாப் போச்சு. ஒண்ணை மட்டும் கொடுத்திருந்தா ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாவும் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட குழந்தை பெரும்பாலும் தங்காது."

இப்போது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் மேடம். பதினாறாவது வாரத்தில் வயிற்று நீரை எடுத்துப் பார்க்கலாமாம். உனக்குக் கல்யாணமாகும் வயதில் உன்னிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், அப்போது வா என்றும் சொன்னார்.

நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன், வெயில் அதிகமாக இருந்ததால்.

மே 12, ஞாயிறு

காங்கேயம் வந்தோம். சித்தி ஒரு தாளில் இரண்டு குரோமோசோம்களை வரைந்து எல்லோருக்கும் விளக்கினார். அம்மா கவனமாகக் கேட்டார். "அப்ப நான் மாடிப்படி ஏறினதால போகலையா? பப்பாளி தின்னதாலயும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா."

அத்தை சுண்டலைத் தாளித்துக்கொண்டே, "அப்பவே சொன்னேன், இவ வயித்துலதான் கோளாறுன்னு" என்றார்.

"வயித்துல இல்லீங்க. யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு இன்னும் தெரியாது. அக்காவும் மாமாவும் ரத்தம் கொடுக்கணும்."

"தம்பிக்கு என்னத்துக்கு? ஆம்பளைக்கும் இதுக்கும் என்ன?"

அப்பா தேங்காய்க் களத்தில் மேஸ்திரி. தேங்காய் எண்ணும்போது யாராவது பேசினால்கூடப் பதில் சொல்ல மாட்டார். இன்று எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்து, இப்போதே எடுப்பார்களா என்பது போல நீட்டினார். "நாளைக்கு அங்க வந்தாத்தான் மாமா" என்றார் சித்தி.

மே 15, புதன்

அப்பாவும் அம்மாவும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் காங்கேயத்து வீட்டிலேயே இருக்கிறேன். துணி காயப்போட்டேன். மழை வந்து நனைந்தது. மறுபடியும் காயப்போட்டேன்.

மே 18, சனி

சித்தி போன் செய்தார். மாற்றம் அப்பாவிடம்தான். அம்மாவுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. செய்தியைச் சொல்லும்போது சித்தியின் குரல் இலேசாக இருந்தது. பிறகு அதற்காக வெட்கப்பட்டது போலத் தணிந்துவிட்டது. அம்மாவிடம் "எங்களுக்கு இல்லக்கா" என்று இரண்டு முறை சொன்னாராம். அம்மாவிடம் இருந்திருந்தால், கூடப்பிறந்த சித்திக்கும் இருந்திருக்கலாம்.

அப்பா போனைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனார்.

"அக்கா, என்னுதுதான்."

"என்னது?"

"போன மூணுக்கும் காரணம் என்ற ரத்தந்தான். அவ மேல ஒண்ணுமில்ல. இனிமே யாரும் அவளைச் சொல்லக் கூடாது."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மெசினு என்னத்தையோ சொல்லும்" என்றார் அத்தை. ஆனால் அடுப்பைப் பார்த்து நின்றவர் திரும்பவில்லை. பால் பொங்கி வழிந்தது. சாயங்காலம் முழுவதும் அரிசியில் கல் பொறுக்கினார். அது கடையில் வாங்கிய அரிசி. அதில் கல் இருக்காது.

மே 27, திங்கள்

அம்மாவுக்கு ஊசி வழியாக வயிற்று நீர் எடுத்தார்கள். அப்பாவும் அத்தையும் கூட வந்தார்கள். பல தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். என்னை உள்ளே விடவில்லை.

அத்தை சித்தியின் காதில், "ஒட்டுக்கா அதையும் பாத்துச் சொல்லிப்போடு அம்மணி. பையனா, புள்ளையா?" என்றார்.

"அதைச் சொன்னா என்னையும் புடிச்சு உள்ள போடுவாங்க, கேட்டதுக்கு உங்களையும் போடுவாங்க. மூலனூர்ல உங்க எருமைக்கு யாருங்க தண்ணி காட்டுவா?"

அம்மா கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். பிறகு உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்ததற்கும் பயம்.

சொந்த அக்காவின் குழந்தை என்பதால் அந்த ஸ்லைடைச் சித்தி பார்க்கக் கூடாதாம். மேடமும் இன்னொருவரும் பார்ப்பார்கள். "எனக்கும் அதுதான் நல்லது. மறுபடியும் தட்டைத் திருப்பி வச்சிருவேன்" என்றார் சித்தி.

ஜூன் 1, சனி

இன்னும் வரவில்லை. செல்கள் வளர்ந்தால்தான் பார்க்க முடியும்.

ஜூன் 4, செவ்வாய்

வரவில்லை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன்.

ஜூன் 8, சனி

மேடம் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். போனில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். காரில் கிளம்பினோம். பல்லடத்தில் டீ வாங்கினோம். யாரும் முழுதாகக் குடிக்கவில்லை.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "குழந்தைக்கும் மாறித்தான் இருக்கு. ஆனா நறுமுகைக்கு இருக்கற மாதிரியே, மாறின ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. கூடலை, குறையலை" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகும் கேட்டார். "அப்ப நிக்குமாங்க?"

"அந்த மூணும் போன காரணத்தால இது போகாது. மத்தபடி எல்லா அம்மாவுக்கும் இருக்கற கவலை உங்களுக்கும் இருக்கும். அவ்வளவுதான்."

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அம்மா, "பசிக்குதுங்க" என்றார். அப்பா இட்லி வாங்க ஓடினார். மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நூறு மீட்டரில் அவருக்கு முதலிடம் கிடைத்திருக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்றும் எழுத வேண்டும். அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் அதன் ஒவ்வொரு செல்லிலும் பதினொன்றின் நுனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கும் அதே இடத்தில். அப்பாவிடம் இருக்கும் அதே இடத்தில். இந்த உலகத்தில் இப்படி எத்தனை பேரைப் பற்றி எனக்குத் தெரியும்?

அத்தை அதுவரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "மேடம், அந்தப் பச்சையை நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

பார்க்க ஆசையாக இருந்தால் என் ஸ்லைடைக் காட்டலாம் என்றார் மேடம், என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். எங்களை இருட்டறைக்குக் கூட்டிப்போய், அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தைக்கு முதலில் ஒரு கண்ணை மூடினால் இரண்டும் மூடிக்கொண்டது. பிறகு பிடிபட்டது. நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"எத்தனை அழகா இருக்குது சாமி" என்றார். பிறகு தலையை எடுக்காமலே, "தம்பிக்கு இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அவர் அப்பாகிட்ட இருந்து இல்லேன்னா அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம்."

"எனக்கும் அவுங்கதானுங்களே அப்பனாத்தா."

சித்தி கையை நீட்டி விளக்கைப் போட்டார். அத்தையின் மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம்.

"எனக்கும் ரெண்டு போச்சுங்க. பெரியவன் பொறக்கறதுக்கு முன்னால. எங்க மாமியாக்காரி என்னென்னமோ சொன்னா. நான் தம்பிகிட்டகூடச் சொல்லல" என்றார் அத்தை, மேடத்தைப் பார்த்து. அம்மாவைப் பார்க்கவில்லை. முழங்கைக்கு மேலே ரவிக்கை விளிம்பை ஏற்றிவிட்டுக் கையை மேசையின் மேல் வைத்தார். "என்ற ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க. இப்ப தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லதான். எனக்குத் தெரியோணும்."

"எடுக்கலாம்மா" என்றார் மேடம்.

அம்மா சுவரைப் பிடித்தபடி மெதுவாக எழுந்து வந்தார். அத்தையின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையில் துடைத்தார். மறுபடியும் மாட்டிவிட்டார்.

"ஏனுங் அம்மணி, இன்னொருக்கா பாத்துக்கறனே" என்றார் அத்தை சித்தியிடம்.

"பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தி விளக்குகளை அணைத்தார்.